ஆறு பாடல் பாடிய குழு

பெயர்பெற்ற வித்துவான்கள் நால்வர் ஒரு மேடையில் ஏறினால், அவரவர் பழைய கச்சேரிகளின் சுவையெல்லாம் ஒருங்கே கிடைக்குமென்று எதிர்பார்ப்பது கேட்போர் இயல்பு. 1969ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தோன்றி அவ்வாண்டே மறைந்த ‘பிளைண்ட் பெயித்’ என்னும் ரொக் இசைக்குழு அவ்வெதிர்பார்ப்புக்கு இரையாயிற்று. குருட்டு நம்பிக்கை என்பது அப்பெயரின் பொருள். கேட்போருக்கே அது பெரிதும் பொருந்திற்று.

‘கிறீம்’ என்னும் புகழ்மிக்க குழு 1968 நவம்பரிற் கலைந்தது. அதன் கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்ரன், ‘ட்ரபிக்’ குழுவினின்று விலகிய ஸ்ரீவ் வின்வூட்டுடன் தம் நாட்டுப்புற இல்லத்தில் ஆரவாரமின்றி இசைத்து வந்தார். ஒருநாள் கிறீமின் ட்ரம் கலைஞர் ஜிஞ்சர் பேக்கர் அங்கே அழையாமலே வந்து சேர்ந்தார். மீண்டும் கிறீமாகிவிடுமோ எனக் கிளப்ரன் தயங்கினார், வின்வூட்டோ வரவேற்றார். ‘பமிலி’ குழுவின் றிக் கிரெச் நான்காமவரானார்.

யூன் 7ஆந் திகதி இலண்டன் ஹைட் பூங்காவில் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் திரண்டனர். புதுப் பாடல்களோ சிலவே. புகழ் முந்திற்று, பயிற்சி பிந்திற்று. யூலையில் அமெரிக்கா சென்றபோது, பெருங்கூட்டம் கிறீமின் பாடல்களையே கேட்டுக் கூவியது. பழையவற்றையும் இசைக்க நேர்ந்தது. மனம் சலித்த கிளப்ரன், தமக்கு முன்னர்ப் பாட வந்த டெலனி, பொனி தம்பதியரின் குழுவோடு நாட்டங் கொள்ளலானார். ஆகஸ்ட் 24இல் ஹவாயில் இறுதி நிகழ்ச்சி நடந்தது.

எஞ்சியது ஓர் இசைத்தட்டு. அதில் ஆறு பாடல்கள். மூன்று வின்வூட் ஆக்கியவை. பேக்கரின் பாடல் கால்மணி நேரம் நீள்வது. நம் தாள நூலார் கண்டமென்னும் ஐந்தெண்ணிக்கையில் அமைந்தது. அந்நீளம் வேண்டியதில்லை என்பது எம் கருத்து. ஆனால், வீடு திரும்ப வழி காணாதவன் ஏக்கத்தைப் பாடும் வின்வூட்டின் மென்குரலைக் கேட்டோர் எளிதில் மறவார். அங்கே கிற்றார் மின்விசையின்றி ஒலிக்கின்றது. ட்ரம்மும் குரலை மறையாது ஒதுங்கி நிற்கின்றது. கூவிய கூட்டம் கேட்கத் தவறியது இந்த அடக்கத்தையன்றோ?

இரு நாடுகளிலும் அவ்விசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. கிரெச் 1990இலும், பேக்கர் 2019இலும் காலமாயினர். 1969 யூலையில் அமெரிக்கப் பயணம் தொடங்கிய நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கிலே, 2008 பெப்ரவரியிற் கிளப்ரனும் வின்வூட்டும் மூன்று இரவுகள் சேர்ந்து இசைத்தனர். அவர்கள் தொடங்கியது அவ்விசைத்தட்டின் முதற்பாடலோடு.