கோடை விடுதியில் முதல் வாரம்



சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நிறுத்தத்தில் ஒரு பெட்டி, சுருட்டிய பாய், தலையணை, புத்தம் புதிய பிளாஸ்டிக் வாளி, முறுக்கு நிறைந்த தூக்குப் பாத்திரம் ஆகியவை இறங்கும். அவற்றுக்குப் பின்னால் தந்தையும் மகனும், அல்லது தாயும் மகளும் இறங்குவார்கள். கோடைச் சிறப்பு வகுப்புகளுக்காக உண்டு உறைவிடப் பள்ளிகளைத் தேடி வருபவர்கள் இவர்கள்.

கோழிப் பண்ணைக்கும் லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் பெயர் பெற்ற இவ்வட்டாரம் 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தொழிற்கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணையே அளவுகோலாக்கிய பிறகு, இங்குள்ள விடுதிகளின் புகழ் தமிழகமெங்கும் பரவிற்று. 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு வந்தது. படிக்கும் புத்தகம் மாறியதே அன்றிப் பெட்டி சுமந்து வருவது மாறவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பவன் அல்லன். அதைத் தடுக்கும் பொருட்டே 2017-18இல் அரசு பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வைத்தது. 2025இல் அதனைக் கைவிட்டது. அந்த வழக்கைத் தீர்ப்பதற்கு நான் இங்கு வரவில்லை. பல கோடைகளை விடுதிக் காப்பாளனாகக் கழித்தவன் என்ற முறையில், வந்து சேர்ந்த பிள்ளைக்கு முதல் வாரத்தில் உடலிலும் உள்ளத்திலும் என்ன நேர்கிறது என்பதையே சொல்ல வந்தேன்.

முதல் இரவு எவருக்கும் உறக்கம் வாராது. நாற்பது பேர் படுத்த கூடத்தில் நள்ளிரவில் நடந்து பார்த்திருக்கிறேன். முப்பது சோடிக் கண்களாவது விழித்திருக்கும். ஒவ்வொருவனும் தனக்கு மட்டுமே இந்நிலை என்று எண்ணிக்கொண்டிருப்பான். புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் குறைவது உடலின் இயற்கை என்பதை உறக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016இல் அதன் காரணத்தையும் ஓரளவு கண்டறிந்தனர். முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியைப் போல ஆழ்ந்து உறங்குவதில்லை. காவற்காரனைப் போல அரைக் கண் திறந்திருக்கிறது. டால்பின்களும் சில பறவைகளும் வாழ்நாள் முழுதும் இவ்வாறு பாதி மூளையால் உறங்குபவை. இடம் பழகியதும் காவல் தளர்கிறது. ஆகையால் முதல் நாள் வகுப்பில் தலை கிறுகிறுத்தால், 'எனக்கு மூளையில்லை' என்று எவரும் முடிவு கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது வெயில். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் கீழே பரந்த இச்சமவெளியில் மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தொடுவது அரிதன்று. காங்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கிறது. குன்னூரிலிருந்து வந்த பையன் வாடிப் போவான். கரூர்ப் பையனோ போர்வை கேட்பான்! உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். வியர்வையோடு வெளியேறும் உப்பும் குறையும். இதயத் துடிப்பு நிதானப்படும். அதுவரை உப்பிட்ட நீர்மோரும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்கும் தண்ணீரும் துணை. வந்த மறுநாளே நண்பகலில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் உடற்பயிற்சி ஆசிரியரிடம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன்.

உறக்கமும் வெயிலும் தாமே சரியாகிவிடும். மூன்றாவது ஒன்று உண்டு. அதைத்தான் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது வீட்டு ஏக்கம். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் இளம் மருத்துவர் இதனை ஒரு நோயாகவே கருதி ஆய்வேடு எழுதினார். அவர் குறித்த நோயாளிகளுள் ஒருவன் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவன். உணவு செல்லாது மெலிந்து படுக்கையில் வீழ்ந்த அவனை ஊருக்கு அனுப்பத் துணிந்தனர். பாதி வழியிலேயே அவன் தேறிவிட்டான். மருந்து ஏதும் இல்லை. வண்டி ஊர்ப்பக்கம் திரும்பியதே மருந்து.

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒருவரையும் நினைக்கலாம். ஈரோட்டில் 1887இல் பிறந்த கணித மேதை இராமானுஜனின் குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயாரே குலதெய்வம். 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு இரவில் குளிர் தாங்காமல் மேற்சட்டையோடு சால்வையும் போர்த்தித் துன்புற்று வந்தார். அப்போது அங்கு படித்த மகலனோபிஸ் அவரது படுக்கையறையைப் பார்வையிட்டபோது உண்மை புலப்பட்டது. கம்பளிகள் பல, படுக்கையின் மேல்விரிப்புக்கு அடியிலேயே ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. எண்களின் மறைவிடங்களுக்குள் புகுந்து வந்தவருக்கு ஒரு கட்டில் புதிராயிற்று.

இந்நிகழ்ச்சியை ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் மாலை பிள்ளைகளிடம் சொல்வேன். அதன் பின்னரே கேள்விகள் புறப்படும். சூடான குழாய் நீரை எந்த நேரத்தில் பிடித்து வைப்பது? துணி காணாமற்போனால் யாரிடம் முறையிடுவது? சாம்பார் காரமாக இருந்தால் தயிர் கேட்கலாமா? பெண்கள் விடுதியில் மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டியதை எவரிடம் கேட்பது என்பதைப் பெண் காப்பாளர் முதல் நாளே கூறிவிட வேண்டும். அதைக் கேட்கக் கூசியே சில பெண்கள் வகுப்புக்கு வராது படுத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் இரவுதான் கடுமையானது என்பது என் அனுபவம். முதலிரண்டு நாட்களில் புதுமை தாங்கிப் பிடிக்கிறது. மூன்றாம் நாள் புதுமை தீர்ந்து, பழக்கமும் பிறவாத வெற்றிடம். ஒருமுறை அந்த இரவில் ஒரு பையன் பெட்டியோடு வாயிற்கதவருகே நின்றான். "ஐயா, அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்றான். மறுத்திருந்தால் சுவரேறிக் குதித்திருப்பான். உடனே அனுப்பியிருந்தால் தோற்றதாக எண்ணியிருப்பான். "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன், தம்பி, அதுவரை என் அறைக்கு அடுத்த அறையில் படுத்துக்கொள்" என்றேன். ஞாயிறன்று தந்தை கட்டுச்சோற்றோடு வந்தார். பையன் உண்டான், அவரோடு போகவில்லை.

எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. வாரம் கடந்தும் உணவு செல்லாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் இருந்த வேறொருவனை நானே அவன் வீட்டில் கொண்டு சேர்த்தேன். உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறான். 'கட்டிய பணம் வீணாகுமே' என்று அவன் தந்தை தயங்கியபோது நான் சற்றுக் கடுமையாகவே பேச நேர்ந்தது. ஏக்கம் குறைந்துகொண்டே போனால் காத்திருக்கலாம். கூடிக்கொண்டே போனால், வாழ்வே வேண்டாம் என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும், காத்திருக்கலாகாது. காப்பாளரிடமோ பெற்றோரிடமோ அன்றே சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் இரவும் பகலும் கிடைக்கிறார்கள், கட்டணம் இல்லை. அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி விடுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தோம்.