காருக்கு இங்கே இடமில்லை

ஷட்டரை முழுசாகத் தூக்க மாமா விடுவதில்லை. இடுப்பளவுதான். குனிந்து நுழைந்துகொள்ள வேண்டும். "மொத்தமாத் திறந்தேன்னு வையி, தெருவுல போறவங்க எல்லாம் மிக்ஸியும் டேபிள் ஃபேனுமா வந்து நின்னுடுவாங்க பாப்பா" என்கிறார். நான் நம்பவில்லை. ரகசியம் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு சுகம். சொல்லப்போனால் எனக்கும்! மூன்று வருஷமாக அத்தையின் புலம்பல் வழியாக மட்டுமே கேள்விப்பட்ட இடத்துக்குள் போன ஞாயிற்றுக்கிழமைதான் நுழையக் கிடைத்தது. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். "கோயில் இல்ல பாப்பா. இங்க செருப்பு போட்டாத்தான் மரியாதை. கீழ பூரா இரும்புத் தூள்."

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், பழைய ஓட்டு வீட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கார் ஷெட் அது. அகலம் பத்தடி, நீளம் பதினெட்டடி. கார்? அது தெருவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. "மாப்பிள்ளைய வாசல்ல நிக்க வச்சிட்டு பந்திய ஆரம்பிச்ச கதை" என்பார் அத்தை. மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் காரை வெளியே எடுத்தவர், அதை இன்னும் உள்ளே விடவில்லை.

உள்ளே போனதும் முதலில் மோதுவது வாசனை. தையல் மெஷின் எண்ணெய், தேக்குத் தூள், அதோடு கற்பூரம். கற்பூரமா! அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கண் பழகியதும் இடது சுவர் தெரிந்தது. ஒரு பெரிய பலகை, அதில் ஆணி ஆணியாகச் சாமான்கள்: சுத்தியல் நாலு, குறடு, திருப்புளிகள், அரங்கள், மூலைமட்டம், ரசமட்டம், ரம்பம், உளி வரிசை. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் சிவப்புப் பெயின்டில் வரைந்திருக்கிறது. எடுத்தால் நிழல் மட்டும் மிஞ்சும். எது வீடு திரும்பவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரே ஒரு நிழல் காலியாக இருந்தது. "எதிர்வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போனது. ஆடி போயி ஆவணி வந்தாச்சு" என்றார், குரலைத் தாழ்த்தி.

நடுவில் மேசை. மேசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் எடைக்கு வாங்கிய தேக்கு உத்தரம் இரண்டு, கால்களாகப் பழைய நிலைச் சட்டம். சுத்தியலால் ஓங்கி அடித்தால்கூட மேலே வைத்த டீ டம்ளரில் அலை எழவில்லை. அதைச் செய்து காட்டத்தான் எனக்கு டீயே கொடுத்தார் என்று பின்னால் புரிந்தது.

"பட்டறையில முதல்ல செய்ய வேண்டியது பட்டறையத்தான்" என்று மேசையைத் தட்டினார். மேசை இல்லாமல் மேசை செய்வது எப்படி? திண்ணையில் வைத்து அறுத்திருக்கிறார், தரையில் உட்கார்ந்து கால் விரலால் அழுத்திப் பிடித்து உளி போட்டிருக்கிறார். இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அது நின்ற பிறகுதான் முதல் பெரிய செலவு, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். அதை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதற்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எவரும் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறதாம். நேராக நின்று, முஷ்டியை மடக்கி முகவாய்க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கை முனை வைஸின் மேல்விளிம்பைத் தொட்டால் சரியான உயரம். நின்று பார்த்தேன். எனக்கு மூன்று விரற்கடை குறைந்தது. உடனே காலடியில் ஒரு பலகையைத் தள்ளினார். பேரனுக்காகச் செய்து வைத்ததாம்.

மற்றவர்கள் முதல் மாதமே டிரில்லும் கிரைண்டருமாக வாங்கிக் குவித்துவிட்டு, பிடித்து வைக்க இடமில்லாமல் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு துளை போடுவார்கள். அதை நானே எங்கள் வீட்டில் செய்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை.

இங்கே நிறுத்தி ஒரு பழைய கதை. மாமா அதை எனக்குப் பாதி சொல்லும்போதே வீட்டுக்குள் பாத்திரம் ஒன்று கணீரென்று வைக்கப்பட்டது. வெள்ளை நகரத்தில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இருக்கிறது இல்லையா? ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் நிஜாம் அரசின் நன்கொடை வந்ததால் கோல்கொண்டா நினைவாக அந்தப் பெயர். டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த அன்டோனின் ரேமண்ட் 1930களில் வரைந்த கட்டடம். ஜன்னலுக்குப் பதிலாக முகப்பு முழுக்கத் திறந்து மூடும் சிமென்ட் பலகைகள். அதற்கெல்லாம் வேண்டிய கீல், கொக்கி, கைப்பிடி எங்கே வாங்குவது? எங்கும் வாங்கவில்லை. ஆசிரமமே பட்டறை போட்டு, பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்துக்கொண்டது. அந்தப் பட்டறைக்கு வைத்த பேர் ஹார்ப்பகோன், மொலியேர் நாடகத்தில் வரும் மகாக் கஞ்சன்! சல்லிக்காசும் வீணாகாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

அங்கே வேலையை மேற்பார்த்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1937-ல் வந்தவர், ஆசிரமத்தில் சுந்தரானந்தா ஆகி, 1939-ல் கிளம்பினார். விடுதிக்கான தேக்குச் சாமான்களை வடிவமைத்தவர் அவர்தான். பின்னாளில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை வைத்து, மரத்தின் வெடிப்பையும் ஓரத்து வளைவையும் மறைக்காமல் மேசை செய்து உலகப் புகழ் பெற்றார். அந்த மேசைகள் இன்று விற்கும் விலைக்கு முத்தியால்பேட்டையில் மாமாவின் ஷெட்டை வீட்டோடு சேர்த்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். மாமாவுக்கு அவர்தான் குலதெய்வம். அத்தைக்கு இந்தக் கதையில் பிடிபட்டது ஒரே வரிதான்: பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்கள். அன்றிலிருந்து அண்டா, குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு எல்லாம் பீரோவில், சாவி இடுப்பில்.

சரி, கற்பூரம். கடல் இங்கிருந்து நடக்கிற தூரம். காற்றோடு வரும் உப்பு, சாமான்கள் மேல் படிந்து, ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம், அதன் வழியாகத் துரு ஓட்டமாக ஓடுகிறது. மதுரையில் பத்து வருஷம் பளபளக்கும் உளி இங்கே ஒரு ஐப்பசி தாங்காது. மாமா ஒரு மூலைமட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். எஃகின் மேல் செந்தவிட்டு நிறத்தில், ரேகை ரேகையாக, ஒரு சின்னக் கட்டைவிரல் தடம்! பேரன் தொட்டுவிட்டுப் போனது, வியர்வை உப்பு ஒரே ராத்திரியில் பதித்தது. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை. பேரன் இப்போது பிரான்சில் இருக்கிறான்.

அதனால் இந்தப் பட்டறைக்கு என்று சில அனுஷ்டானங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மூடிய பெட்டிக்குள் ஒரு கற்பூரக் கட்டி. அப்புறம் சிலிக்கா ஜெல். எங்கள் சொந்தத்தில் யார் செருப்பு வாங்கினாலும், பெட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்னப் பொட்டலம் மாமாவுக்குச் சேர வேண்டியது. போன பொங்கலுக்கு நான் கொண்டுபோன சீர்வரிசையில் அதுதான் அவருக்குப் பிடித்தது.

உப்பைச் சமாளித்தவரை மழை மடக்கியது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஷட்டருக்கு அடியில் வந்த தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. தரையில் உட்கார்ந்திருந்த காற்று கம்ப்ரசரும், அடித்தட்டில் இருந்த வெல்டிங் மெஷினும் மூழ்கின. மாமா மெழுகுவர்த்தியோடு மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிதந்து வந்த ஆணி டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அத்தை சொன்னபோது சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

இப்போது தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கீழே மோட்டார் என்று எதுவும் கிடையாது. பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில். வீட்டு லைனிலிருந்து தனியாக இழுத்த வயர், 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், புதிதாக ஒரு எர்த் குழி, கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. "இந்த ஷெட்டுல விலை உயர்ந்த சாமான் எது பாப்பா?" என்று கேட்டார். டிரில்லிங் மெஷினைக் காட்டினேன். "உன் உசுரு" என்று அந்த வெள்ளை டப்பாவைத் தட்டினார். கொஞ்சம் சினிமா வசனம்தான், ஆனால் ஈரத் தரையில் இரும்பு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது ரசிக்கும்படி இருந்தது.

இன்னொரு வேடிக்கை காட்டினார். பழைய சோக் வைத்த டியூப் லைட்டை மட்டும் எரியவிட்டு டிரில்லை ஓட்டினார். சுற்றிக்கொண்டிருந்த சக், கண்ணெதிரே மெல்ல நின்றது! சத்தம் மட்டும் கேட்கிறது. நம் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரிகிறது. சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போனால், ஓடுவது நிற்பது போலத் தெரியும். கை வைத்தால் விரல் போச்சு. அந்த டியூப் லைட் இப்போது வித்தை காட்ட மட்டும்தான். வேலைக்கு நல்ல எல்.இ.டி. விளக்குகள் இரண்டு பக்கமும்.

சத்தம் போட நேரக்கட்டுப்பாடும் உண்டு. மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை கிரைண்டர் மூச்சுவிடாது. இந்த ஊரில் அந்த நேரத்துக்குப் பல கடைகளே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகும். அந்த மூன்று மணி நேரம் அரம் பிடிக்கிற வேலை, இழைப்புளி வேலை, இல்லாவிட்டால் பட்டறை ஸ்டூலிலேயே குறட்டை.

கடைசியாக, அவர் பொக்கிஷம் என்று சொல்லும் மர இழுப்பறை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், துணி விரிப்புகளுக்கு நடுவே ஒரு பழைய சாமான் விரிப்பில் பொறுக்கிய ஸ்பேனர்கள். இரண்டு சாதி. ஒன்று மில்லிமீட்டர், இன்னொன்று அங்குலம். தாத்தாவின் பழைய புல்லட் ஒன்று சுவரோரம் நிற்கிறது, திருவொற்றியூரில் செய்த வண்டி. அதன் போல்ட்டுகள் இங்கிலாந்து வழி, அங்குலம். பக்கத்தில் சாய்ந்திருக்கும் சுவேகா, பிரெஞ்சு மோபிலெத்தின் நம்மூர்த் தம்பி, மில்லிமீட்டர். ஒரே ஷெட்டில் இரண்டு சாம்ராஜ்யமும்! விட்வொர்த் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று போட்டிருந்தால் அது வாயின் அளவு இல்லை, போல்ட் தண்டின் அளவு. வாயை அளந்தால் 13.3 மில்லிமீட்டர் வருகிறது. 13 நுழையாது, 14 ஆடும், அதைப் போட்டு முறுக்கினால் போல்ட்டின் மூலைகள் மழுங்கும். ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60. கண்ணுக்கு அண்ணன் தம்பி, திருகினால் பங்காளிச் சண்டை. இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கியவரைத்தான் தெருவில் மரை கழண்டவர் என்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஷட்டருக்கு அடியில் ஒரு கை நீண்டது. வளையலோடு. கையில் பித்தளை இடியாப்ப உரல்.

"என்னங்க, கைப்பிடி ஆடுது. பீரோவுல வச்சுப் பூட்டினது போதும்னு எடுத்தேன், சாயந்தரம் சம்பந்தி வீட்ல வராங்க." கை உள்ளே நீட்டியபடியே இருந்தது, ஆள் உள்ளே வரவில்லை. "உருக்கிடக் கூடாது."

மாமா அதைப் பூ மாதிரி வாங்கி, வைஸின் பற்களுக்கு இரண்டு மரத்துண்டு கொடுத்து, நடுவில் வைத்தார். கைப்பிடித் திருகைக் கழற்றினார். மரையளவுப் பட்டைகளை விசிறி போல விரித்து ஒவ்வொன்றாகத் துளையின் வாயில் பொருத்திப் பார்த்தார். 1 மில்லிமீட்டர், இல்லை. அங்குலத்துக்கு 20 புரி, உட்கார்ந்தது. கால் அங்குல விட்வொர்த் துளை. யாரோ புண்ணியவான் அதில் 6 மில்லிமீட்டர் இரும்புத் திருகைப் போட்டு, இரண்டு சுற்றில் இறுகியதும் பலத்தைக் காட்டியிருக்கிறார். பித்தளை மென்மையானது, முதல் இரண்டு புரியும் நசுங்கியிருந்தது. மரை வெட்டும் டேப்பை எண்ணெயில் தோய்த்து, முன்னால் அரைச்சுற்று, பின்னால் கால்சுற்று என்று மெல்ல இறக்கினார். தங்கத் தூள் மாதிரி சுருள் சுருளாக வந்தது. புல்லட்டுக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு திருகு. இறுகியது. ஆடவில்லை.

"அந்த 6 மில்லிமீட்டர் திருகப் போட்டது யாரு அத்தை?" என்றேன்.

ஷட்டருக்கு வெளியே கொஞ்ச நேரம் பதில் இல்லை. மாமா மும்முரமாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வருஷம்" என்றது அத்தையின் குரல், "இதே மனுஷன்தான்."