அட்வான்ஸ் கொடுக்குமுன் தெருவைப் பாருங்கள்

சென்னையில் 'அடையாறில் வீடு' என்று சொன்னாலே வாடகை ஏறிவிடும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் எல்லாம் அடக்கம். பேச்சுவாக்கில் கோட்டூர்புரத்தையும் பெசன்ட் நகரையும்கூடச் சேர்த்துக்கொள்வார்கள். ஆற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய்க்கரை, கடற்கரை என்று இடத்துக்கு இடம் சங்கடம் மாறும். புரோக்கர் காட்டுவதோ வீட்டை மட்டும். வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தினால், அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால், கேட்கச் சட்டம் இருக்கிறது. தெரு சரியில்லை என்று யாரிடமும் மனு கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே தெருவை முதலில் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரத்தில் ஏழைகளின் வாரியக் குடியிருப்பும் மூழ்கியது, கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளின் தரைத்தளமும் மூழ்கியது. வாடகை கூடுதல் என்பதற்காகத் தண்ணீர் விலகிப் போகவில்லை.

வீடு தேடுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி விடுமுறையில். அப்போது எந்தத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். ஆனாலும் மழையின் தடயம் இருக்கும். மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறதா? மோட்டார் ரூம் அண்மையில் உயர்த்திக் கட்டப்பட்டதா? கேட்டுக்குள் நுழைந்ததும் வண்டி கீழே இறங்குகிறதா? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் ரோடு போட்டதில், பழைய வீடுகள் பல தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. ஆற்றுக்குத் தொலைவில் உள்ள வீட்டிலும் மழைநீர் புகுவது இதனால்தான். "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்று வீட்டுக்காரர் சொல்வார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். எதுவரை நின்றது என்று சுவரைத் தொட்டே காட்டிவிடுவார்.

கோடைக்கு வேறு கேள்வி. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்கள் உண்டு. 2019 கோடையில் நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், போன மே மாதக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரிக்குப் போன பணம் அதில் தெரிந்துவிடும்.

சத்தமும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு பார்த்தால், சனிக்கிழமை இரவும் ஒருமுறை போய் நின்று பாருங்கள். சத்தம் மீறினால் போலீஸுக்கு, 100-க்கு, போன் செய்யும் உரிமை உண்டு. வாராவாரம் போன் செய்துகொண்டு குடித்தனம் நடத்த முடியுமா? எதிர்மனை காலியாக இருந்தால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அது குடியிருப்புக்கான நிலமா, வணிகத்துக்கானதா என்று பார்த்துவிடலாம்.

"சைவம் மட்டும்" என்ற நிபந்தனையை இந்தப் பகுதிகளில் அடிக்கடி கேட்க நேரும். சைவம் என்பதற்குள் சாதி விசாரணையும் ஒளிந்திருப்பது ஊரறிந்தது. வாடகைச் சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை என்பதுதான் கசப்பான உண்மை.

தெரு பிடித்துவிட்டது என்றால், அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தில் அது செல்லாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம், ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டவர் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரம் பேசுவது கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களைக் கிளப்பப் பார்த்தால், வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அதற்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன.

அடையாறில் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருப்பார்கள். இங்கே கையெழுத்துப் போடுபவர் மைத்துனரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. அவரிடம் உள்ள பவர் பத்திரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. சொந்தக்காரர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டவாசி என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வரி பிடித்துக் கட்ட வேண்டியவர் வாடகைதாரர். விகிதம் சாதாரணமாக 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். பிடிக்கத் தவறினால் துறை கேட்பது உங்களைத்தான்.

வாங்குபவர்களுக்குக் கவலை வேறு. பழைய அடுக்ககங்களை இடித்து இங்கே புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மனை 500 சதுர மீட்டருக்கு உட்பட்டதாகவோ வீடுகள் எட்டுக்கு உட்பட்டதாகவோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். அதாவது இரண்டு கிரவுண்டில் எழும்பும் கட்டடம் ரெரா பதிவுக்கு வெளியே நின்றுவிடலாம். பதிவான திட்டத்தில், விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது; ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். பதிவில்லாத கட்டடத்தில் இதே நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கட்டடம் பாருங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஸ்டில்ட் பார்க்கிங்குக்குத் தனியாக விலை கேட்டால், அதைத் தனியே விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் வக்கீல் பார்த்து முடிக்கும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம்.