பதிவான குரல்கள் – 9: கோடரியோடு சேர்ந்த பாட்டு

1933ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜான் லோமாக்ஸும், 18 வயதே நிரம்பியிருந்த அவருடைய புதல்வர் ஆலனும், ஏறக்குறைய 140 கிலோ எடையுள்ள ஒலிப்பதிவு யந்திரத்தைத் தங்கள் ஃபோர்டு காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு லூயிசியானா மாகாணத்து அங்கோலா சிறைச்சாலைக்குப் போய், லெட் பெல்லி என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய ஹடி லெட்பெட்டரின் குரலைத் தகட்டில் பதித்த வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். இவ்வாரம் நம்முடைய விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வருவதாக உத்தேசம். ஆயினும் வருமுன், ஆலன் லோமாக்ஸின் மற்றொரு பதிவைப் பற்றிச் சொல்லிவிட்டால், இங்கே நான் சொல்லப்போவது இன்னும் தெளிவாகும்.

1959இல் அவர் மிஸிஸிப்பி மாகாணத்துப் பார்ச்மன் சிறைப்பண்ணைக்குச் சென்றிருந்தபோது, விறகு பிளந்துகொண்டிருந்த கைதிகள் சிலர், ஜேம்ஸ் கார்ட்டர் என்பவர் முன்னின்று எடுத்துக் கொடுக்க, 'போ லாசரஸ்' என்னும் பாட்டைப் பாடினார்கள். பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. கோடரிகள் ஒருசேரக் கட்டையில் இறங்கும் ஓசையே தாளம். நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 2000இல் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' என்ற திரைப்படத்தில் அந்தப் பதிவு இடம்பெற்று, படத்தின் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்று, கிராமி பரிசும் பெற்றது. இதற்கிடையில் உரியவர்கள் கார்ட்டரைத் தேடத் தொடங்கிச் சிகாகோ நகரத்தில் அவரைக் கண்டுபிடித்து, 2002இல் 20,000 டாலருக்கான காசோலையை அவர் கையில் கொடுத்தார்கள். அப்படியொரு பாட்டைத் தாம் பாடியதே அந்த முதியவருக்கு நினைவில் இல்லை. இந்தச் சம்பவத்தைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் காசோலையில் வந்து நிறுத்துவது வழக்கம். எனக்கோ அந்த மறதிதான் பெரிதாகப் படுகிறது. அது அவருக்கு ஒரு பாட்டாக இருந்ததேயில்லை. கோடரி வேலையின் ஒரு பாகமாக இருந்தது. கோடரியைக் கீழே வைத்த அன்றே பாட்டையும் கீழே வைத்துவிட்டார்.

பழைய தென்னார்க்காட்டின் வடபாகமாக இருந்து, 1993இல் தனி மாவட்டமாகப் பிரிந்த விழுப்புரத்துச் சீமையில் இதற்கு நேரான பாட்டு எது என்று கேட்டால், ஏற்றப்பாட்டு என்றே சொல்ல வேண்டும். செஞ்சி, திண்டிவனம், வானூர்ப் பக்கங்களில் ஏரி வற்றிய பின்பு கிணற்றை நம்பியே நெல்லும் கேழ்வரகும் விளைந்த காலத்தில், ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவர்களும், கீழே நின்று சாலைப் பிடித்து வாய்க்காலில் சாய்ப்பவரும் விடியற்காலையிலேயே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். இறைத்த சாலின் கணக்குப் பாட்டுக்குள்ளேயே ஓடும். எண்ணிக்கை தவறினால் வயலுக்குப் பாய்ந்த தண்ணீரின் கணக்கும் தவறும் என்பதால், அங்கே தெய்வ ஸ்தோத்திரமும் பரிகாசமும் கணக்குப் புத்தகமும் ஒன்றாகவே இருந்தன. ஏற்றக்காரன் ஒருவன் பாடிய ஓர் அடியைக் கேட்டு மெய்ம்மறந்த கம்பர், அடுத்த அடி இன்னதென்று தோன்றாமல் தவிக்க, அவனோ அன்றைய இறைப்பு முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட, மறுநாள் காலை அவன் ஏற்றமேறும் வரையில் கவிச்சக்கரவர்த்தி காத்துக் கிடந்தார் என்று ஒரு கதை நம் நாட்டில் வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியானாலும், நாட்டுப்பாடல் சேகரிக்கப் புறப்படும் எவருக்கும் அதைவிட நல்ல பாலபாடம் இல்லை. வேலை நின்றால் பாட்டும் நிற்கும். கேட்க வேண்டியவர் காத்திருக்க வேண்டும்.

மின்சார மோட்டார் வந்தது, ஏற்றம் போயிற்று. அதற்காக எந்தக் குடியானவரும் கண்ணீர் விட்டதில்லை, விடவும் கூடாது. விடியுமுன் எழுந்து மரத்தில் ஏறி இடுப்பு ஒடிய மிதித்தவருக்கு அந்தக் கஷ்டத்தின் அருமை தெரியும். இன்று நமக்குக் கிடைக்கும் ஏற்றப்பாட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை, வயது முதிர்ந்த ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஞாபகத்திலிருந்து பாடியவை. சொற்கள் பிழையின்றி வருகின்றன, மெட்டும் வருகிறது. சால் தளும்பி மேலேறும் வரைக்கும் நீண்டு, அது கவிழும் நொடியில் வெட்டுப்பட வேண்டிய அந்த மூச்சு மட்டும் வருவதில்லை; ஏனெனில் தூக்குவதற்குப் பாரம் ஒன்றும் இல்லை. சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலிலும், பெர்ஸி மாக்வீன் என்னும் துரை திரட்டி வைத்ததைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்கத் தஞ்சைச் சரசுவதி மகால் 1958இல் 'மலையருவி' என வெளியிட்ட தொகுதியிலும் நமக்குக் கிடைப்பது எழுத்து மட்டுமே. எழுத்தில் குரல் போயிற்று. நாற்காலிப் பதிவில் வேலை போயிற்று.

ஒப்பாரியின் சங்கதி வேறு. ஏற்றத்தைப் போல அது மறையவில்லை. சாவு இருக்கும் வரையில் அதுவும் இருக்கும். ஆனால் அதற்குரிய சந்தர்ப்பத்தைவிட்டு வெளியே வர அது லேசில் சம்மதிப்பதில்லை. செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஒப்பாரி வைப்பதில் கைதேர்ந்தவர் என்று ஊரார் காட்டிய ஒரு மூதாட்டியிடம், திண்ணையில் அமர்ந்தபடியே சற்றுப் பாடிக் காட்டும்படி வேண்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"வெளக்கு வெக்கிற வூட்ல அத்த எடுக்கக் கூடாது தம்பி. இது இன்னா எழவு வூடா?"

"வேற எங்கயாவது பாடுவீங்களா ஆயா?"

"மல்லாட்டக் கொல்லைக்கு வா. அங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கொல்லை வரப்பில் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவர் தொடங்கியது இறந்துபோன கணவரைப் பற்றித்தான். சிறிது நேரத்திற்குள் கணவர் பின்னுக்குப் போய்விட்டார். பிறந்த வீட்டிலிருந்து சீர் கொண்டு வராத அண்ணன் வந்தார். மூக்குத்தியைக் குத்திக் காட்டிய ஓரகத்தி வந்தாள். கண்ணீர் உண்மையாகவே பெருகிற்று. நடுவில், செடியில் வாய் வைக்க வந்த ஆடு ஒன்றைக் கையோங்கி அதட்டி விரட்டிவிட்டு, விட்ட அடியிலேயே, விட்ட சுருதியிலேயே திரும்பவும் பிடித்துக்கொண்டார். பதிவைக் கேட்ட நண்பர் ஒருவர், ஆட்டை விரட்டும் இடத்தை வெட்டிவிட்டால் பாட்டு சுத்தமாக இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். நான் இசையவில்லை. கண்ணீருக்கும் மல்லாட்டைக்கும் நடுவே அந்த அம்மையார் எவ்விதம் போய் வந்தார் என்பது அந்த இடத்தில்தான் தெரிகிறது.

இறந்தவரை முன்னிட்டுத் தன் துயரைச் சொல்லுவதே ஒப்பாரி என்று இதே செஞ்சி வட்டாரத்தில் ஆராய்ந்து எழுதியவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மானுடவியலாளர் இஸபெல் கிளார்க்-டெஸே. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கி, குறி கேட்பவரும் பேயோட்டுபவரும் பம்பைக்காரருமாகப் பலரிடமும் பழகிய அவர், பின்னர் 2005இல் வெளியிட்ட நூலுக்கு 'செத்தவருக்காக எவரும் அழுவதில்லை' என்று பொருள்படும் தலைப்பையே சூட்டினார். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், வரப்பில் அமர்ந்து கேட்ட எனக்கு அதில் மிகையொன்றும் தெரியவில்லை. பெண்களின் ஒப்பாரியோடு, பறை முழக்குவோர் சாவு வீட்டில் பாடும் எகத்தாளப் பாட்டுகளையும், சுடுகாட்டில் அவர்கள் செய்யும் முறையீட்டையும் அந்த நூலில் அவர் சேர்த்தே ஆராய்ந்தார். இவ்வட்டாரத்தில் பாடை சுடுகாட்டை அடையும்போது, காவல் நிற்கும் அரிச்சந்திரனை விளித்து வழிவிடச் சொல்லும் சம்பிரதாயம் உண்டல்லவா? காவியத்து அரசனை வாயிலில் நிறுத்திவைத்து அவனோடு பேசும் உரிமை, ஊர் ஒதுக்கி வைத்த அந்த வாத்தியக்காரர்களுக்கே உரியது.

இங்கேயும் ஏற்றத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. சாவுக்குப் பறையடிப்பது தங்கள்மேல் சுமத்தப்பட்ட ஊழியம் என்று கருதி, இளைஞர்கள் பலர் அதை மறுத்துவிட்டார்கள்; அதே பறையை மேடைக்கும் ஊர்வலத்துக்கும் தலைநிமிர்ந்து எடுத்துச் செல்லுகிறவர்களும் அவர்களிலேயே இருக்கிறார்கள். பழம்பாட்டு அழிகிறதே என்று அவர்களிடம் போய் அங்கலாய்ப்பவர், பார்ச்மன் பண்ணையைப் பழைய நிலையிலேயே வைத்திருந்தால் இன்னும் சில நல்ல பாட்டுகள் கிடைத்திருக்கும் என்று சொல்லத் துணிவாரா என்று கேட்கத் தோன்றுகிறது. பாரம் போகட்டும். ஆனால் எந்தப் பாரத்தை இறக்கிவைத்த பாட்டு இது என்பது பதிவில் தெரிய வேண்டும். கோடரிச் சத்தத்தை நீக்கிவிட்டுக் கார்ட்டரின் குரலை மாத்திரம் வைத்திருந்தால் அது இனிமையான ஒரு பொய்யாக முடிந்திருக்கும்.

சாவு நேராமலே ஊர் கூடி ஒப்பாரி வைப்பதற்கும் இந்தச் சீமையில் ஒரு நாள் உண்டு. செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் தன் ஆதிக்ஷேத்திரமாகக் கொண்ட திரௌபதி அம்மன் வழிபாட்டில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கணக்கில் விழா நடந்து, பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம் கூடும். வண்ணம் பூசி மல்லாந்து கிடக்கும் துரியோதனனுடைய மண்ணுருவத்தின் தொடையைப் பீமன் வேஷக்காரர் பிளந்ததும், திரௌபதி கூந்தல் முடிகிறாள். சில ஊர்களில் காந்தாரியாக வேஷமிட்டவர் மகனுக்காக மாரடித்து அழுகிறார். விளக்கு வைத்த வீட்டில் பாடக்கூடாதது இங்கே வெட்டவெளியில் தாராளமாக வருகிறது. வேஷக்காரர் எடுத்த ஒப்பாரியைக் கேட்டுக் கூட்டத்தில் நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது, அவர்கள் அழுவது துரியோதனனுக்காக என்று யார் சொல்ல முடியும்?

இந்த விழாக்களை உலகறியச் செய்தவர் அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல். திண்டிவனத்துத் திரௌபதி அம்மன் விழாவையும் உள்ளடக்கிய அவருடைய ஆய்வின் முதற்பாகத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1988இல் வெளியிட்டது; அவர் படமாக்கிய விழாக் காட்சிகள் 'செஞ்சியின் நாயகி' என்று பொருள்படும் பெயரோடு அதே ஆண்டில் வெளிவந்தன. அக்காலத்தில் கூத்தைப் பதிவு செய்வதென்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை இன்றைய வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். 90 நிமிஷக் கேஸட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். கூத்தோ இரவு பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்து தொடங்கி, விடிய விடிய நடந்து, வெயில் ஏறும்போது முடிவது. முகவீணை உச்சத்துக்கு ஏறி, கர்ணன் கிரீடத்தோடு சுழன்று வரும் நேரத்தில் நாடா தீர்ந்து 'டக்'கென்று நிற்கும். திருப்பிப் போடுவதற்குள் விருத்தத்தின் ஓர் அடி காற்றோடு போயிருக்கும். லோமாக்ஸின் தகட்டில் சில நிமிஷங்களே அடங்கின என்பதால் அமெரிக்க நாட்டுப்பாட்டின் நீளத்தைப் பற்றி நமக்கிருக்கும் எண்ணமே ஓரளவு அந்தத் தகட்டினால் அளக்கப்பட்டது. கூத்தை அவ்விதம் எந்தக் கருவியாலும் அளக்க முடியாமற் போனது நம்முடைய பாக்கியம்.

எடுத்த பதிவுகள் எங்கே போகின்றன என்பதை ஊரார் கேட்காமல் இருப்பதில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிந்த நாடாக்கள் அவரவர் தேசத்துக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த நிலையில், அவற்றின் பிரதிகளேனும் இந்தியாவில் இருக்கட்டும் என்ற நோக்கத்தோடு, நஸீர் ஜைராஸ்பாய் முயற்சியால் 1982இல் இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் கீழ் ஓர் ஒலி ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டு, இன்று குருகிராமில் இயங்கிவருகிறது. போற்றத்தக்க காரியம். ஆயினும் செஞ்சியிலிருந்து குருகிராம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கொல்லை வரப்பில் அழுத ஆயாவின் பேத்தி, தன் பாட்டியின் குரலைக் கேட்க ரயிலேறிப் போகமாட்டாள். பதிந்தவுடன் ஒரு பிரதியைப் பாடியவரின் வீட்டிலும், இன்னொன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கிளை நூலகத்திலோ வைத்துவிட்டு வருவதற்கு இந்நாளில் செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை, செய்கிறவர்கள்தாம் குறைவு.

இதற்கிடையில் ஊர்ப் பிள்ளைகள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தாங்களே தொடங்கிவிட்டார்கள். திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களில் கூத்து நடக்கும் இரவுகளில், களரியின் ஓரத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞரைக் காணாமல் இருக்க முடியாது. அவர்கள் இணையத்தில் ஏற்றும் பதிவுகளில் ஒலிபெருக்கி கரகரக்கிறது, குழந்தை வீரிடுகிறது, பணம் கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் நடுவில் அறிவிக்கிறான், யாரோ ஒருவர் படம் பிடிப்பவனிடமே "டேய், தள்ளி நில்றா" என்கிறார். படித்தவர்கள் இதைத் தரக்குறைவு என்று தள்ளுகிறார்கள். குளிரூட்டிய அறையில் கூத்து வாத்தியாரைத் தனியே உட்காரவைத்து எடுத்த அப்பழுக்கற்ற பதிவையும், இந்தக் கைபேசிப் பதிவையும் என் முன் வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், நான் கைபேசியைத்தான் எடுப்பேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒன்று செய்ய வேண்டும்: வேஷக்காரர் பெயர், முகவீணைக்காரர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைப் பதிவோடு எழுதிவைக்க வேண்டும். கார்ட்டரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது, லோமாக்ஸ் அவர் பெயரை எழுதி வைத்திருந்ததால்தான்.

1714இல் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட செஞ்சி ராஜா தேசிங்கின் கதைப்பாடல், அவனுடைய பாராசாரிக் குதிரையோடும் மகபத்துகானின் சிநேகத்தோடும் இன்றைக்கு யார் யார் வாயில் வழங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)