நாவல்கள் திரையேறிய நகரம், அரங்குக்குத்தான் வழக்கு

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் ஹாஜ்ரா சந்திப்பை அடுத்துள்ள பசுஸ்ரீ திரையரங்கில் 1955 ஆகஸ்ட் 26-ம் தேதி ஒரு வங்கமொழிப் படம் வெளியானது. பெயர் பெற்ற நட்சத்திரங்கள் எவரும் அதில் இல்லை. இயக்குநரோ விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றி வந்தவர். தொடக்கத்தில் கூட்டம் சேரவில்லை. பின்னர் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அரங்கு நிரம்பியது. ஆயினும், ஆறு வாரங்களில் படத்தை எடுத்துவிட நேர்ந்தது. அரங்கு முன்னதாகவே வேறொரு படத்துக்கு ஒப்பந்தமாகியிருந்ததே காரணம்.

வெளியேறிய படம் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. அந்த இடத்துக்கு வந்தது, 'ஆனந்த விகடன்' உரிமையாளரும் ஜெமினி ஸ்டுடியோ அதிபருமான எஸ்.எஸ். வாசனின் ஹிந்திப் படமான 'இன்சானியத்'. ராயின் படத்தைப் பார்த்த வாசன், அவரது இல்லம் தேடிச் சென்று பாராட்டினார். முன்பே தெரிந்திருந்தால் தமது பட வெளியீட்டைத் தள்ளி வைத்திருப்பேன் என்றும் கூறினார். இதை ராயே தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் நூலாக வெளிவந்தது 1929-ல். அது படமாவதற்கு மாநில அரசே பணம் தர வேண்டியிருந்தது. அன்றைய முதல்வர் பிதான் சந்திர ராய் உதவ முன்வந்தார். தலைப்பில் 'பாதை' இருந்ததாலோ என்னவோ, அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. படத்தின் முடிவை நம்பிக்கையூட்டும் வகையில் மாற்றலாமே என்ற யோசனையும் அரசுத் தரப்பில் எழுந்தது. ராய் இணங்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் அதற்கு மேல் வற்புறுத்தவும் இல்லை என்பது இன்றைய நிலையில் நினைவுகூரத்தக்கது.

தாராசங்கர் பந்தோபாத்யாயவின் கதை 'ஜல்சாகர்' (1958) ஆனது. அத்வைத மல்லபர்மனின் நாவலை ரித்விக் கட்டக் 'திதாஷ் ஏக்டி நதிர் நாம்' (1973) என எடுத்தார். மூலத்தைப் படித்துவிட்டு அரங்குக்கு வருபவர்கள் வங்காளிகள். எனவே படம் முடிந்ததும் சச்சரவு தொடங்கிவிடும். தாகூரின் 'நஷ்டநீட்' குறுநாவலைத் தழுவிய 'சாருலதா' (1964) வெளியானபோது, தாகூரிடமிருந்து விலகிவிட்டதாக விமர்சனம் எழுந்தது. ராய் மௌனம் காக்கவில்லை. எந்தக் காட்சி ஏன் மாறியது என்பதை வங்கமொழி இதழில் விரிவாக எழுதிப் பதிலளித்தார். மறு ஆண்டு பெர்லின் விழாவில் அப்படம் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது.

இத்தகைய படங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில், இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் ரவீந்திர சதன் அருகே எழுந்ததே 'நந்தன்' திரைப்பட மையம். 1985 செப்டம்பர் 2-ம் தேதி அதைத் திறந்துவைத்தவர் ராய். அதன் சின்னத்தை வரைந்தவரும் அவரே. குறைந்த கட்டணத்தில் நல்ல படம் பார்க்கலாம் என்பதால் மாணவர்களுக்கு அது தாய்வீடு போன்றது.

அதே நந்தனில் 2022-ல் ஒரு படத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ராயின் நூற்றாண்டையொட்டி, 'பதேர் பாஞ்சாலி' உருவான கதையைச் சொல்லும் 'அபராஜிதோ' என்ற படத்தை அனிக் தத்தா இயக்கியிருந்தார். மே மாதம் பிற அரங்குகளில் வெளியாகிக் கூட்டம் சேர்த்த அப்படம், வெளியீட்டின்போது நந்தனில் திரையிடப்படவில்லை. மாநில அரசை வெளிப்படையாக விமர்சித்தவர் தத்தா. அவரது முந்தைய படமான 'பபிஷ்யோதேர் பூத்' 2019 பிப்ரவரியில் வெளியான மறுநாளே அரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது. அவ்வழக்கில் மாநில அரசு ரூ. 20 லட்சம் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

தனியார் அரங்குகளின் கதை வேறு. எலீட் 2018-ல் மூடப்பட்டது. நேதாஜி திறந்துவைத்த 'சித்ரா', பின்னாளில் 'மித்ரா' எனப் பெயர் மாறி, 2019-ல் கதவடைத்தது. மாறாக, படச்சுருள்கள் பிழைத்துக்கொண்டன. 1993-ல் லண்டன் படச்சாலைத் தீ விபத்தில் கருகிய அபு முப்படங்களின் மூலப் பிரதிகள் பல்லாண்டு உழைப்பில் சீரமைக்கப்பட்டு, 2015-ல் நியூயார்க்கில் திரையிடப்பட்டன.

தமிழ்நாட்டில் ஜெயகாந்தன் தமது நாவலைத் தாமே 'உன்னைப்போல் ஒருவன்' (1965) எனப் படமாக்கினார். தேசிய அளவில் விருது கிடைத்தது. திரையிட அரங்குகள்தான் முன்வரவில்லை.