சாவி திருடுபோனால் கிளவுட் என்ன செய்யும்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றில் முக்கியமானவை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். 2027 மே மாதம் அது முடிகிறது. கெடு தெரிந்ததிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வியாபாரிகளும் கழக்கூட்டம் பக்கத்துச் சிறு நிறுவனத்தாரும் எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "எங்கள் பில்லிங் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் கிளவுடில் இருக்கின்றன. பாதுகாப்பை அந்தக் கம்பெனிதானே பார்த்துக்கொள்ளும்?"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கிளவுட் கம்பெனியோடு எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும், வாடிக்கையாளரின் விவரத்தை வாங்கி வைத்தவரே பொறுப்பு என்கிறது 8ஆம் பிரிவு. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஸ்டார்ட்அப்களுக்கு அரசு சில விலக்குகள் தரலாம் என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பட்டியலில் பாதுகாப்புக் கடமை இல்லை.

கிளவுட் கம்பெனிகளோ பாதுகாப்பு வேலையைப் 'பகிர்ந்துகொண்ட பொறுப்பு' என்கின்றன. கட்டடமும் மின்சாரமும் சர்வரும் அவர்கள் பாடு. உள்ளே யாரை விடுவது என்பது உங்கள் பாடு. சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பங்கில்தான். விளம்பரங்களோ முதல் பங்கைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

2025 ஜனவரியில் ஹால்சியான் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு விவரம் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் தகவல் வைத்திருந்தவர்களை ஒரு கும்பல் மிரட்டிப் பணம் கேட்டது. அமேசானின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் அக்செஸ் கீ, அதாவது மென்பொருள் தானாக உள்ளே நுழையப் பயன்படுத்தும் எழுத்துச் சரம், அந்தக் கும்பலின் கைக்குப் போயிருந்தது. அதைக் கொண்டு உள்ளே போனவர்கள், அமேசானே தரும் ஒரு வசதியைப் பயன்படுத்தினார்கள்: 'உங்கள் சொந்தச் சாவியால் கோப்பைப் பூட்டிக்கொள்ளலாம்.' கோப்புகளைத் தங்கள் சாவியால் பூட்டினார்கள். அந்தச் சாவியை அமேசான் சேமித்து வைப்பதில்லை. சரியான சாவிதானா என்று ஒத்துப்பார்க்க ஒரு குறிப்பு மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாவியை மீட்டெடுக்க முடியாது. பிறகு, ஏழு நாளில் கோப்புகள் தானாக அழியும்படி நாள் குறித்தார்கள். அதுவும் அமேசானின் வசதியே.

ஒவ்வொரு கட்டளையும் முறையான உரிமையோடு வந்ததால், கம்பெனியின் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. 'உங்கள் தகவல் பூட்டப்பட்டிருக்கிறது' என்ற உறுதிமொழி அப்போதும் பொய்யாகவில்லை. பறிகொடுத்தவருக்கு மட்டும் வழியில்லை.

அந்த அக்செஸ் கீ எப்படி வெளியே போகிறது? ஆப் செய்துகொடுத்த ஆள் அதை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போவது நம் ஊரில் சாதாரணம். நிரல் பொதுத் தளம் ஒன்றில் ஏறினால் போதும், அதைத் தேடி எடுக்கத் தானியங்கி மென்பொருள்கள் காத்திருக்கின்றன. வேலை முடிந்து அவர் போன பிறகும் அந்தக் கீ செல்லுபடியாகும். நீங்களாக ரத்து செய்யும்வரை அது சாகாது.

இப்படிப் பூட்டி மிரட்டுவதற்குத் தடுப்பு உண்டு. சொந்தச் சாவியால் பூட்டும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அமைப்பில் அதை மூடிவிடச் சொல்லுங்கள். பேக்கப்புக்கு 'ஆப்ஜெக்ட் லாக்' போடச் சொல்லுங்கள்; அதன் கண்டிப்பான நிலையில், குறித்த கெடு முடியும்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் கோப்பை அழிக்க முடியாது. பேக்கப் வேறொரு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் தகவலையும் பேக்கப்பையும் ஒரே கணக்கில் வைத்திருந்தது. உள்ளே நுழைந்தவன் இரண்டிலும் பெரும்பகுதியை அழித்தான், நிறுவனம் மூடப்பட்டது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கிளவுடை விட்டுவிட்டுச் சொந்த சர்வருக்குப் போகலாமா? 2024 ஏப்ரல் இறுதியில் நம் ஊர் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்களை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் முடக்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைப்பட்டது. சர்வர் மருத்துவமனையுடையது என்பது அதைத் தடுக்கவில்லை.

மென்பொருள் விற்றவர் மாட்டினால்? நாமும் மாட்டுவோம்: 2024 ஜூலையில் சி-எட்ஜ் நிறுவனத்தில் நடந்த தாக்குதலால் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது.

ஓடிபி போதுமா? பாஸ்வேர்டு மட்டும் இருப்பதைவிட நல்லது. அக்செஸ் கீ திருட்டை அது தடுக்காது.

தகவல் களவுபோனால் யாரிடம் சொல்வது? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள்; புதிய விதிகள் அமலானதும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம்; வாடிக்கையாளருக்குத் தாமதமின்றி.

உள்ளே வந்துபோனவர் பதிவுகளை எவ்வளவு காலம் வைக்க வேண்டும்? ஓராண்டு.

2027 மே மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆப்பைப் பார்த்துக்கொள்பவரை இந்த வாரமே கூப்பிட்டு, எத்தனை அக்செஸ் கீ உயிரோடு இருக்கிறது, ஒவ்வொன்றும் யார் கையில் என்று எழுதி வாங்குங்கள். பதில் தெரியாத கீயை அன்றே ரத்து செய்யுங்கள்.