வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் இனப்பெருக்கம்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் பலரும் சில மாதங்களில் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்க்க ஆசைப்படுகின்றனர். கப்பி, மோலி போன்றவை குட்டி போடும் இனங்கள். அவற்றில் சிரமம் இல்லை. முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் மீனை வளர்க்க விரும்பும் புதியவர்களுக்கு ஏஞ்சல் மீன் ஏற்றது. இது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை இதன் தாயகம். நம் குளங்களில் காணும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பத்தவை. முட்டையையும் குஞ்சையும் பெற்றோர் காப்பது இக்குடும்பத்தின் சிறப்பு.

ஜோடி சேர்த்தல்

ஏஞ்சல் மீனில் ஆண், பெண் வேறுபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அறிய இயலாது. கடையில் இரண்டு பெரிய மீன்களை வாங்கி ஜோடி என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. காசு அளவுள்ள இளம் மீன்களாக ஆறு முதல் எட்டு வரை வாங்கி, ஒரே தொட்டியில் வளர்ப்பதே சிறந்த வழி. எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களில் இவை பருவமடையும். அப்போது இரண்டு மீன்கள் தாமே ஜோடி சேர்ந்து, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அந்த ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். முட்டையிடும் சமயத்தில் வயிற்றின் அடியில் சிறு குழல் வெளிப்படும். அது ஆணுக்கு மெல்லியதாகவும் கூராகவும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கியும் இருக்கும்.

தொட்டியும் நீரும்

இரண்டு அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும். இதில் ஏறத்தாழ 100 லிட்டர் நீர் பிடிக்கும். துடுப்புகள் நீண்டு வளர்வதால் உயரம் குறையக் கூடாது. ஸ்பாஞ்ச் வடிகட்டியே நல்லது. மோட்டார் வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

புதுத் தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீன்களை நிறைய விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். நன்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் போட்டால் இக்காலம் குறையும்.

நீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். கார அமில நிலை 6.5 முதல் 7 வரை ஏற்றது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்திருந்தால், சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கலந்துகொள்ளலாம். குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

முட்டையிடுதல்

கொசுப்புழு, நன்கு அலசிய டியூபிபெக்ஸ் புழு, நறுக்கிய மண்புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் மீன்கள் விரைவில் முட்டைக்குத் தயாராகும். அகன்ற ஓடு அல்லது பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் தொட்டியில் சாய்த்து வைக்கவும். ஜோடி அதை வாயால் ஓரிரு நாள் சுத்தம் செய்யும். பின்னர் பெண் வரிசையாக முட்டையை ஒட்டிச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து கருவுறச் செய்யும். ஒரு தடவையில் சில நூறு முட்டைகள் இடும். பெற்றோர் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரியும். குஞ்சுகள் ஒட்டிய இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். பொரித்த நான்கைந்து நாளில் நீந்தத் தொடங்கும். அதுவரை கருவுணவே போதும். தீனி போட்டால் நீர்தான் கெடும்.

முட்டை கெடுவது ஏன்?

புதியவர்கள் மனம் தளருவது இங்குதான். சில முட்டைகள் மட்டும் வெளுத்தால் அது இயல்பு. பெற்றோரே அவற்றை அகற்றிவிடும். இரண்டு நாளில் எல்லா முட்டையும் வெளுத்துவிட்டால் கருவுறவில்லை என்று பொருள். இரண்டு பெண் மீன்கள் ஜோடியாகி முட்டையிடுவதும் உண்டு. இவ்வாறு மூன்று முறை நேர்ந்தால் ஜோடியை மாற்ற வேண்டும்.

இரவோடு இரவாக முட்டை மறைந்தால் பெற்றோர் தின்றுவிட்டன என அறியலாம். இளம் ஜோடி முதல் சில தடவை இப்படிச் செய்வது வழக்கம். அதற்காக மீனை விற்றுவிட வேண்டாம். தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, ஆள் நடமாட்டத்தைத் தவிர்த்து, இரவில் மங்கிய விளக்கு வைத்தால் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் தின்றால், முட்டை ஒட்டிய ஓட்டை அதே தொட்டி நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றி, அருகில் காற்றுக்கல் வைக்கவும். நீர் வெளிர் நீலமாகும் அளவு மெத்திலீன் நீலம் விட்டால் பூஞ்சணம் அண்டாது.

குஞ்சுகளுக்குத் தீனி

நீந்தத் தொடங்கிய நாள் முதல், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா சிறந்த தீனி. ஒரு லிட்டர் நீருக்கு 25 முதல் 30 கிராம் அயோடின் சேராத உப்பு கலந்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, வேகமாகக் காற்று விட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். மெல்லிய துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி, நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுக்கவும். குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் உண்டது என்று அறியலாம். கோழி முட்டையின் மஞ்சள் கரு மலிவுதான். ஆனால் நீரை விரைவில் கெடுத்துவிடும். தினமும் அடியில் தங்கும் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி, குறைந்த அளவு நீரை அதே வெப்பமுள்ள நீரால் ஈடு செய்ய வேண்டும்.

வருமானக் கணக்கு

முந்நூறு குஞ்சு பொரித்தால் முந்நூறும் விலையாகும் என்று கணக்கிட வேண்டாம். காசு அளவுக் குஞ்சு ஒன்றுக்கு இரண்டு லிட்டர் நீராவது வேண்டும். முந்நூறு குஞ்சுக்கு 600 லிட்டர் ஆகிறது. ஒரு தொட்டி மட்டும் உள்ளவர்கள் ஐம்பது குஞ்சுகளை நன்கு வளர்த்தால், நெருக்கி வளர்த்த இருநூறைவிட நல்ல மீன் கிடைக்கும். வண்ண மீன் தொழிலுக்குப் பேர்பெற்ற சென்னை கொளத்தூரிலோ, உள்ளூர்க் கடையிலோ எந்த அளவு மீனை வாங்குவார்கள் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம்.

மிஞ்சும் மீன்களை ஏரி, குளம், கிணற்றில் விடக் கூடாது. 1952-ல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நீர்நிலைகளில் பரவி, உள்நாட்டு மீன்களின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாகிவிட்டது. வேண்டாத மீன்களை வளர்ப்போருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுவதே முறை.